நெஞ்சுயரம்

கைகள் இரண்டும் தொடைக்கு அடியில் பத்திரமாக இருந்தன. யாருக்குப் பத்திரம் என்று ஜெசிந்தா யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருக்கத்தான் அப்படி உட்கார்ந்திருந்தாள். பிள்ளை ஏட்ரியன் மேலே தூங்குகிறான். அவள் கீழே இருக்கிறாள். நடுவில் அத்தனை பலகைகளும் அத்தனை படிகளும் இருக்கின்றன. இந்த ஏற்பாடு இப்படியே இருந்துவிட்டால் ஒன்றும் ஆகாது. அவன் விழிக்காமல் இருந்தால், அவள் எழாமல் இருந்தால், ஒன்றும் ஆகாது. தூத்துக்குடி கான்வென்ட்டில் சிஸ்டர் லுடோவிக்கா, கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியாத பெண்களை அவரவர் கைமேலேயே உட்காரச் சொல்வார். சாக்பீஸ் எறிந்தவள், முன்பெஞ்சுக்காரியின் ரிப்பனை அவிழ்த்தவள், மை தெளித்தவள், எல்லோருக்கும் அதே தண்டனைதான். "கை தானா ஒண்ணும் செய்யாது, செய்யிறது நீதான்" என்பார். பெஞ்சின் சொரசொரப்பு உள்ளங்கையில் வரிவரியாகப் பதிந்துவிடும். மணியடித்ததும் வெளியே ஓடி, யாருக்கு வரி அதிகம் என்று கையை விரித்துப் பார்த்துச் சிரிப்பார்கள். இந்தப் படியில் ஒன்றும் பதியாது. இழைத்து இழைத்துத் தேய்த்துத் தேய்த்து, விரலை எங்கே வைத்தாலும் வழுக்கிக்கொண்டு போகிற மரம். எதுவும் தட்டாது, எதுவும் குத்தாது. பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்ட உதடு மாதிரி, கை இருக்கிறது என்று தெரிகிறது, இருப்பது தெரியவில்லை. எவ்வளவு நேரமாக இப்படி இருக்கிறோம்? சமையல் மேடையில் பால் புட்டி கவிழ்த்து வைத்தபடி இருக்கிறது. அதிலிருந்து வடிந்த தண்ணீர் காய்ந்துவிட்டது. அப்படியானால் கொஞ்ச நேரம் ஆகியிருக்க வேண்டும். தச்சர் சாப்பாட்டுக்குப் பிறகு வருவார் என்று புருஷன் லெஸ்லி சொல்லியிருந்தான். யாருடைய சாப்பாட்டுக்குப் பிறகு? அவள் சாப்பிட்டாளா? அதுவும் தெரியவில்லை.

இதை வீடு என்று சொன்னால் ஊரில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். சுவர் வெளியே நாலு பக்கம் உண்டு, உள்ளே ஒன்றுகூடக் கிடையாது. அறை கிடையாது, கதவென்று குளியலறைக்கு மட்டும் ஒன்று. யோகோஹாமாவின் ஒரு மலைச்சரிவில், இரண்டு வீடுகளுக்கு நடுவே மிச்சமாகிப்போன ஒரு கீற்று நிலத்தில் நட்டு வைத்த மரப்பெட்டி. அதற்குள் தடித்த மரப்பாளங்களைப் பல உயரங்களில் செருகியிருக்கிறார்கள். ஒருவர் நிற்கும் தரை இன்னொருவருக்கு மேசை, அதற்கும் கீழே படுத்திருப்பவருக்குக் கூரை. மெல்லிய பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி அழுத்தி, தொழிற்சாலையில் கணினி சொன்னபடி மயிரிழை பிசகாமல் வெட்டி, கிரேனில் தூக்கி வந்து பொருத்தியது. வெளியே தெரிகிற மாதிரி ஒரு ஆணி இல்லை. பொருத்திய நாளில் லெஸ்லி அவளுக்கு வீடியோ அனுப்பிக்கொண்டே இருந்தான், "பாருளா, தீப்பெட்டிக்குள்ள தட்டு போற மாதிரி போகுது பாரு" என்று. அவன் வேலை பார்க்கும் கட்டடக்கலை அலுவலகம் சோதனைக்காகக் கட்டிய வீடு இது. குடியிருந்து பார்க்க ஆள் வேண்டும் என்றபோது முதலில் கையைத் தூக்கியவன் அவன்தான். நடுவில், கூரையிலிருந்து கீழே சிமென்ட் தரை வரைக்கும், ஒன்றுமே வைக்காமல் விட்ட இடம் ஒன்று இருக்கிறது. ஃபுகிநுகே என்று அதற்குப் பெயர். காற்றும் வெளிச்சமும் தடையில்லாமல் இறங்க வேண்டுமாம். "நம்ம ஊரு முற்றந்தான். படுத்துக் கெடந்தத நிமித்தி வெச்சிருக்கோம்" என்றான் லெஸ்லி. முற்றத்துக்குள் யாரும் விழுவதில்லை என்று அவள் சொல்லவில்லை. அப்போது அவளுக்கு வயிறு பெரிதாக இருந்தது, மூச்சு வாங்கியது, பேச்சைக் குறைத்திருந்தாள். பலகைகளின் விளிம்பு அப்படியே அந்தரத்தில் முடிகிறது. படிகளும் அப்படியே. பிடித்துக்கொள்ள எங்கும் ஒன்றும் இல்லை. பிள்ளை பிறந்தது கோடையில். அப்போது கீழேயே தொட்டில் இருந்தது. குளிர் வந்ததும் லெஸ்லி ஒரு தெர்மாமீட்டரோடு ஒவ்வொரு பலகையாக ஏறி இறங்கி, "சூடு மேலதான் ஏறும். உச்சிப் பலகதான் வீட்டுலயே சொகமான எடம். பய அங்க தூங்கட்டும்" என்று தொட்டிலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அவன் சொல்வது சரிதான். கீழே அவளுக்குப் பாதம் விறைக்கிறது. மேலே பிள்ளை காது சிவக்கச் சுகமாகத் தூங்குவான். எல்லாம் சரியாகத்தான் யோசித்திருக்கிறார்கள். தூக்கிக்கொண்டு ஏறுகிறவளை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. அதை அவளும் யோசிக்காமல்தான் இருந்தாள், இன்று மத்தியானம் வரைக்கும். இன்று மத்தியானம் என்பது பொய். அதற்கு முன்னாலேயே.

முதலில் படி ஏறும்போது கால் இடறிவிடுமோ என்ற பயம்தான். எல்லாத் தாய்க்கும் வருகிற பயம். சுவரோரமாகத் தோளை உரசிக்கொண்டு ஏறினாள். அப்புறம் ஒரு நாள், அடுப்பில் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு படம் வந்தது. கால் இடறவில்லை. விளிம்பில் பிள்ளையோடு நின்றுகொண்டுதான் இருக்கிறாள். கை விரிகிறது. அவ்வளவுதான் படம். சத்தம் கிடையாது. அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள். தோசை கருகவில்லை, சரியாகத்தான் வந்தது; அதுதான் அவளைப் பயமுறுத்தியது. கத்தியிருக்க வேண்டாமா, அழுதிருக்க வேண்டாமா, ஒரு தாய் என்றால்? அதற்குப் பிறகு அந்தப் படம் தன் இஷ்டத்துக்கு வந்து போகத் தொடங்கியது, நகராட்சிக் குழாயில் தண்ணீர் வருகிற மாதிரி, எப்போது வரும் என்று தெரியாது, எப்போது நிற்கும் என்றும் தெரியாது. இன்று மத்தியானம் பால் கொடுத்துத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே மேலே போனாள். உச்சிப் பலகையில் தொட்டிலுக்கு நேராகப் போகாமல், விளிம்பில் நின்றாள். ஏன் நின்றாள்? வெயில் அப்போது கூரைக் கண்ணாடி வழியாக வந்து கீழே சிமென்ட் தரையில் ஒரு சதுரமாக விழுந்திருந்தது. அழகாக இருந்தது. அதைத்தான் பார்த்தாள். அதைப் பார்க்கத்தான் நின்றாள் என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். பிள்ளையின் எடை தோளில் இருந்தது, ஆனால் யாரோ கொடுத்து வைத்திருக்கச் சொன்ன பை மாதிரி இருந்தது. அவன் வாய் அவள் கழுத்தில் ஈரமாக ஒட்டியிருந்தது. சதுரம் மெல்ல நகர்ந்தது. கை விரியவில்லை. விரியவே இல்லை. ஆனால் விரியாது என்று அவளால் சத்தியம் பண்ண முடியவில்லை. பிறகு தொட்டிலில் கிடத்தினாள், போர்வையைச் சரி செய்தாள், சின்னப் பிள்ளை மாதிரி உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாகத் தேய்த்துக்கொண்டு இறங்கி வந்து, கடைசிப் படியில் கையை அடியில் வைத்துக்கொண்டாள். இறங்கி வரும்போது ஆடையில் ஒரு தூசிகூட ஒட்டவில்லை. அவ்வளவு சுத்தமான மரம்.

கைப்பிடி இருந்தது. வரைபடத்தில் இருந்தது. பழைய வாடகை வீட்டில், சாப்பாட்டு மேசையிலேயே லெஸ்லி இந்த வீட்டை வெள்ளை அட்டையில் செய்து செய்து பார்த்தான். அந்த அலுவலகத்தில் அப்படித்தான். ஒரு வீட்டுக்கு எத்தனை பொம்மை வீடு செய்தாலும் சென்செய், அதாவது அவர்களுடைய முதலாளி, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு இன்னொன்று என்பார். மேசை முழுக்க வெள்ளை வீடுகள். சோற்றுத் தட்டை அவற்றுக்கு நடுவே நுழைத்து வைத்துச் சாப்பிடுவார்கள். ஒவ்வொரு வீட்டிலும் இடுக்கியால் ஒரு காகித மனுஷியை எடுத்துப் பலகை விளிம்பில் ஒட்டுவான், அளவு தெரிவதற்காக. அவளுக்கு மாசமானதும் அந்தக் காகித மனுஷிக்கும் வயிறு வைத்து வெட்டினான். "ஒன்னயத்தான் ஒட்டியிருக்கேன், பாரு." அவள் குனிந்து பார்த்தாள். "இவளுக்கு கையே இல்லையே?" "இந்த அளவுல கைய வெட்ட முடியாதுளா, பிஞ்சிரும்." ஒரு தடவை ஃபேன் காற்றில் அந்த மனுஷி நடுவில் உள்ள ஓட்டைக்குள் விழுந்துவிட்டாள். லெஸ்லி சிரித்துக்கொண்டே இடுக்கியை விட்டு எடுத்துத் திரும்ப அதே இடத்தில் ஒட்டினான். ஆரம்பத்து வீடுகளில் விளிம்போரம் நூலிழையாய் ஒரு கம்பி ஓடும். அப்புறம் செய்த வீடுகளில் கம்பி மெலிந்துகொண்டே வந்தது. கடைசி வீட்டில் இல்லை. "எங்க?" என்று கேட்டாள். "எடுத்துட்டோம். அது இருந்தா பலகையெல்லாம் பலகையா இருக்கு. எடுத்தா மெதக்குது." உண்மைதான். மிதக்கத்தான் செய்தது. அவளே சொன்னாள், ஆமா, நல்லாருக்கு என்று. குடிவந்த வாரத்தில் படம் எடுக்க வந்தவர் அவளை உச்சிப் பலகை விளிம்பில் நிற்கச் சொன்னார், அதே இடத்தில், அளவு தெரிவதற்காக. பத்திரிகையில் வந்த படத்தில் அவள் முகம் தெரியவில்லை. ஒரு கர்ப்பிணியின் வெள்ளை உருவம், சுற்றிலும் வெளிச்சம். கைகளை முன்னால் கோத்திருந்ததால் கை இருப்பதும் தெரியவில்லை. அம்மா அதை பிரேம் போட்டு மாட்டிவிட்டாள்.

அம்மாவிடம் சொல்லலாம் என்று போன வாரம் போன் போட்டாள். அம்மா எடுத்ததுமே, "பய எப்படி இருக்கான், பல்லு வந்துட்டா? மக்ரூன் பார்சல் வந்துட்டா? பத்து டப்பா போட்டேன், ஒடஞ்சிருக்கா பாரு" என்றாள். ஒடையல, என்றாள் ஜெசிந்தா. "ஏன் ஒரு மாதிரி பேசுத?" "தூக்கம் இல்லம்மா." "பிள்ள பெத்தவளுக்கு என்ன தூக்கம். ஜெபமால சொல்லு, தூக்கம் தானா வரும்" என்று அம்மா சிரித்தாள். அதற்குமேல் எப்படிச் சொல்வது? என்னவென்று சொல்வது? ஒன்றும் நடக்கவில்லையே. சிந்தனையும் பாவம்தான் என்று சிஸ்டர்கள் படித்துப் படித்துச் சொன்னார்கள். சின்ன வயதில் புதுநன்மை வாங்குவதற்கு முன்னால், சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் சொல்ல வரிசையில் நிற்கும்போது, சொல்லத் தகுந்த சிந்தனை ஒன்றுகூடத் தேறாமல், பக்கத்துப் பெண்ணிடம் ஒன்று கடன் வாங்கிக்கொண்டு போய்ச் சொன்னவள் அவள். பிள்ளை பிறந்த புதிதில் வார்டு அலுவலகத்திலிருந்து ஒரு நர்ஸம்மா வந்தாள். தூங்குகிறீர்களா, சாப்பிடுகிறீர்களா, பிள்ளையைப் பார்த்தால் அன்பு வருகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஜெசிந்தா எல்லாவற்றுக்கும் "ஹாய், ஹாய்" என்று ஆமாம் போட்டாள். அந்த பாஷையில் ஆமாம்தான் அவளுக்குச் சுலபம். லெஸ்லியிடம் சொல்லலாம். சொன்னால் அவன் முதலில் சிரிப்பான், பிறகு சிரிக்க மாட்டான், அப்புறம் அவளைப் பார்க்கிற பார்வை மாறிவிடும். பிள்ளையை அவள் தூக்கும்போதெல்லாம் அவன் கண் அவள் கையில் இருக்கும். அதைத் தாங்க முடியாது. காலையில்கூட ஷூ மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனான். "ஒரு வருஷம் ஆச்சுல்ல, மரம் காஞ்சு சுருங்கியிருக்கும், தச்சர் குவபாரா-சான் வந்து பாப்பாங்க. எல்லா வீட்டுக்கும் வருவாங்க, அது இங்க வழக்கம். கடைசியில வேற ஏதாவது இருக்கான்னு கேப்பாங்க. ஒண்ணுமில்லன்னு சொல்லிரு என்ன? கைப்பிடி கிய்ப்பிடின்னு ஆரம்பிச்சுராத. அடுத்த வாரம் சென்செய் போட்டோகிராபரக் கூட்டிட்டு வாரார், ஒரு வருஷம் வாழ்ந்த வீடுன்னு. அது முடியட்டும், நானே ஒரு வலையக் கட்டித் தாரேன், நம்ம ஊரு வல." வலை அழகாக இருக்கும். பிள்ளைக்குப் போதும். தவறி விழுகிறவர்களுக்கு வலை போதும்.

அழைப்புமணி அடித்தது. அவள் எழுந்தாள், தொடைக்கு அடியிலிருந்து கைகள் தாமாகக் கூட வந்தன. வாசலில் நின்ற பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கலாம். முழங்காலுக்குக் கீழே புடைத்துக் கணுக்காலில் இறுகும் தச்சர்களின் கால்சட்டை, கையில் கருவிப்பெட்டி, மீன் ஏலத்தில் நிற்க வேண்டிய குரல். குவபாரா-சான். வீடு கட்டும்போது தூரத்தில் பார்த்திருக்கிறாள். "ஓகுசான்! வீட்டம்மா! உங்க வீடு சுருங்கிடுச்சா பாக்க வந்தேன்" என்று சொல்லிக்கொண்டே அவள் காலணியைக் கழற்றி வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்து, தான் கொண்டுவந்த செருப்பை மாட்டிக்கொண்டாள். ஜெசிந்தா மேலே கையைக் காட்டி, இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்துக் காட்டினாள். "தூங்கறானா? சரி சரி" என்று குவபாரா-சான் குரலைக் குறைத்தாள், குறைத்தும் அது பெரிதாகத்தான் இருந்தது. குளியலறைக் கதவு தரையில் தட்டியது. அதைக் கழற்றிப் படுக்க வைத்து, இழைப்புளியைத் தன் பக்கமாக ஒரே இழுப்பாக இழுத்தாள். வெங்காயத் தோல் மாதிரி ஒரு சுருள் எழுந்து வந்தது, வெளிச்சம் அதற்குள் தெரிந்தது. "மெஷின் வெட்டினது. எவ்வளவு ஒழுங்கா வெட்டியிருக்கு பாருங்க. ஆனா வருஷா வருஷம் வந்து மன்னிப்பு கேக்கறது மட்டும் நான்." ஜெசிந்தாவுக்குப் பாதி புரிந்தது, சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது, உதட்டை விரித்தாள். குவபாரா-சான் பலகை பலகையாக ஏறினாள். கைமுட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டு, பொருத்துகளில் மெல்லிய தகட்டை நுழைத்துப் பார்த்து, ஓர் இடத்தில் "ம்" என்றும் இன்னோர் இடத்தில் "ஹோ" என்றும் சொல்லிக்கொண்டு, விளிம்பில் பூனை மாதிரி நடந்தாள். அவள் கால் பயப்படவில்லை. அவள் கீழே பார்க்கவே இல்லை. ஜெசிந்தா கடைசிப் படிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். மேலே ஒரு ஆள் இருக்கிறது. இப்போது பிள்ளை விழித்தாலும் மேலே ஒரு ஆள் இருக்கிறது. அந்த நினைப்பு வந்ததும், எவ்வளவு நேரமாக மூச்சை இழுத்துப் பிடித்திருந்தோம் என்று தெரிந்தது. இவள் போய்விட்டால்? வேலை முடிந்ததும் போய்விடுவாள். பொருத்து எல்லாம் சரியாக இருந்தால் சீக்கிரமே போய்விடுவாள். எங்காவது ஒன்று பிளந்திருக்கக்கூடாதா? மாதாவே, எங்காவது ஒரு பலகை வெடித்திருக்கட்டும். வெடிக்கவில்லை. நல்ல வீடு.

தச்சருக்கு மூன்று மணிக்குத் தேநீர் கொடுப்பது இங்கே ஒரு மரியாதை என்று லெஸ்லி சொல்லியிருந்தான். தேநீர் போட்டாள். தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது, கை கெண்டியைத் தூக்கியது, ஊற்றியது, சிந்தவில்லை. தட்டில் அம்மா அனுப்பிய மக்ரூன் மூன்றை வைத்தாள். குவபாரா-சான் முட்டை வெள்ளையும் முந்திரியும் சேர்ந்த அந்தக் கூம்பை வாயில் போட்டதும், கண்ணை அகல விரித்தாள். "இது என்ன! கடிச்சா காணாமப் போகுது! வெறும் காத்து!" "என் ஊர்" என்றாள் ஜெசிந்தா. "உங்க ஊர்ல காத்தக்கூடச் சுட்டு விக்கறாங்களா?" என்று குவபாரா-சான் இன்னொன்றை எடுத்துக்கொண்டாள். பிறகு மேல்பாக்கெட்டில் பென்சிலைச் செருகியபடி, கேட்க வேண்டியதைக் கேட்டாள். "வீடு நல்லா இருக்கு. வேற ஏதாவது?" ஒண்ணுமில்ல என்பதற்கான சொல் அவளுக்குத் தெரியும். மிகவும் சின்னச் சொல். வாய்க்குள் அது தயாராக இருந்தது. மேலே தொட்டில் ஒருமுறை கிரீச்சிட்டது. பிள்ளை புரண்டிருப்பான். அவள் மேலே பார்த்தாள். "அங்கே" என்றாள். விளிம்பைக் காட்டினாள். "மரம். வேண்டும். கை பிடிக்க." குவபாரா-சான் தொடையில் தட்டினாள். "அதானே! நான் அப்பவே சொன்னேன். வரைஞ்ச கோட்டோட அழகு கெட்டுப்போகும்னாங்க உங்க வீட்டுக்காரர். கோட்டுக்கு என்ன, அடியா படப்போகுது? பையன் தவழ ஆரம்பிச்சிட்டானா? இரண்டு பலகை குறுக்க அடிச்சா போதும், அழகா ஒண்ணு அப்புறம் செய்யலாம்." எழுந்து சுவரோரத் தூணருகே போய் முழங்காலுக்குச் சற்று மேலே பென்சிலை வைத்தாள். "இவ்வளவு?" ஜெசிந்தா தலையை ஆட்டினாள், இல்லை என்று. பென்சில் இடுப்புக்கு ஏறியது. "இவ்வளவு? பையன் நிக்கற வரைக்கும் யோசிக்கறீங்க, புத்திசாலி." இல்லை. குவபாரா-சான் திரும்பிப் பார்த்தாள். ஜெசிந்தா எழுந்து வந்தாள். தன் வலது கையை, அது இன்னொருவருடைய கையைப் போல, எடுத்து, தன் நெஞ்சுக்கு நேராக, கழுத்துக்குச் சற்றுக் கீழே, தூணில் வைத்தாள். "ஓகுசான், குழந்தைக்கு எதுக்கு இவ்வளவு..." "குழந்தை இல்லை" என்றாள் ஜெசிந்தா. அவளிடம் இருந்த சொற்கள் சின்னப் பிள்ளைகளின் சொற்கள். பயம் என்பதற்கும், நாயைப் பார்த்துப் பிள்ளைகள் சொல்கிற கொவாய் என்ற சொல்தான் அவளிடம் இருந்தது. "வதாஷி. நான். என் கை. கொவாய்."

குவபாரா-சான் பென்சிலைத் தாழ்த்தினாள். ஜெசிந்தா அவளுடைய கண்ணைப் பார்க்கவில்லை, கால்சட்டைப் பையில் தொங்கிய சின்னச் சுத்தியலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது இவள் போன் செய்வாள். லெஸ்லிக்கு, அலுவலகத்துக்கு, வார்டு நர்ஸுக்கு. யாரையாவது கூப்பிடுவாள், வருவார்கள், பிள்ளையை எடுத்துக்கொள்வார்கள். எடுத்துக்கொள்ளட்டும் என்று ஒரு நினைப்பும் கூடாது என்று ஒரு நினைப்பும் ஒரே நேரத்தில் வந்து, ஒன்றை ஒன்று தொடாமல் நின்றன. குவபாரா-சான் பென்சிலை எடுத்தாள். ஜெசிந்தாவின் கை இருந்த இடத்தில், அந்தக் கையை நகர்த்தாமலே, சுண்டுவிரலுக்குக் கீழே தூணில் ஒரு கோடு போட்டாள். வெறும் மரத்தில், ஒரு வருஷமாக யாருடைய கைரேகையும் படாமல் துடைத்து வைத்திருந்த மரத்தில், கறுப்பாக, தடிப்பாக. போட்டுக்கொண்டே, அளவு சொல்கிற அதே குரலில் சொன்னாள். "எனக்கு இரண்டு பிள்ளைங்க. பெரியவன் பிறந்தப்ப, என் உளி எல்லாத்தையும் ஒரு துணியில சுத்தி அண்ணன் வீட்டுல கொண்டுபோய்க் குடுத்துட்டேன்." உளி என்ற சொல் ஜெசிந்தாவுக்குப் புரியவில்லை. குவபாரா-சான் பெட்டியைத் திறந்து, ஒன்றை எடுக்காமல் விரலால் காட்டினாள். பிறகு இரண்டு கையாலும் ஒரு மூட்டையைத் தள்ளி விடுவது மாதிரி, தூரமாக, போ போ என்று காட்டினாள். ஜெசிந்தா அந்தக் கைகளைப் பார்த்தாள். காய்ப்பு ஏறிய, நகம் உடைந்த கைகள். இழைப்புளியைப் பிசகாமல் இழுத்த கைகள். "அப்புறம்?" என்றாள். "டாக்டர்கிட்ட போனேன். இந்த ஊர்லதான், நல்லவங்க, கூட்டிட்டுப் போறேன். அப்புறம் உளியைத் திருப்பி வாங்கிட்டேன். ஒண்ண மட்டும் அண்ணன் தொலைச்சிட்டான், மடையன். நல்ல உளி." பெட்டியை மூடினாள். அப்போது ஏட்ரியன் விழித்துக்கொண்டான்.

முதலில் முனகல், பிறகு அவளைத் தேடுகிற அந்த நீண்ட ஒற்றைக் குரல். மார்பில் பால் சுரந்து சட்டை நனைந்தது. உடம்புக்கு அவன் யாரென்று தெரிகிறது, அது பாட்டுக்கு அதன் வேலையைச் செய்கிறது. அவள் முதல் படியில் காலை வைத்தாள், எடுத்தாள். குவபாரா-சான் "நானா?" என்று தன் மூக்கைத் தொட்டுக் கேட்டாள். ஜெசிந்தா தலையசைத்தாள். ஒரு தாய் தன் பிள்ளையைத் தூக்க இன்னொருத்தியை அனுப்புகிறாள் என்று அவளுக்குள் ஒரு குரல், சிஸ்டர் லுடோவிக்காவின் குரலாகவும் இருக்கலாம், சொல்லிக்கொண்டிருந்தது. அதை அவள் மழைச் சத்தம் மாதிரிக் கேட்டுக்கொண்டு நின்றாள். குவபாரா-சான் மரத்தூள் ஒட்டிய மார்பில் அவனைச் சாய்த்துக்கொண்டு, சுவர்ப் பக்கமாக இறங்கி வந்து, கீழே பாயில் உட்கார வைத்தாள். அழுகையை நிறுத்திவிட்டு அவன் அந்த இழைப்புச் சுருளைப் பிடித்துப் பார்த்தான். குவபாரா-சான் தன் போனில் ஏதோ தட்டி அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் ஜெசிந்தாவின் போன் அடித்தது. லெஸ்லி. "என்னளா, குவபாரா-சான் வேன்ல இருந்து பலக எடுத்து அடிக்கப் போறதா ஆபீசுக்கு மெசேஜ் போட்டிருக்காங்க. எந்தப் பலக? பேக்கிங் பலகயா? அந்த சொரசொரப்ப எங்க அடிக்கப் போறாங்க? நீ ஒண்ணும் கேக்கலல்ல?" "கேட்டேன்." "ஐயோ ஜெசி. அடுத்த வாரம் போட்டோ. வல கட்டுதேன்னு சொன்னேன்ல? பிள்ளைக்கு வல போதும்ளா." சொல்லாமல் விட இன்னும் இடம் இருந்தது. போனின் அந்தப் பக்கம் யாரோ தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது, யாரோ ஜப்பானிய மொழியில் எதையோ கேட்டுச் சிரித்தார்கள். பொம்மை வீடுகள் அங்கே மேசை மேசையாக இருக்கும். "பிள்ளைக்கு இல்ல" என்றாள் ஜெசிந்தா. "எனக்கு." "ஒனக்கு என்ன?" "விளிம்புல நிக்கேன். அவனத் தூக்கிட்டு. தெனமும். இன்னைக்கும் நின்னேன்." தட்டச்சுச் சத்தம் தொடர்ந்து கேட்டது. சிரிப்பான் என்று நினைத்தாள். அவன் சிரிக்கவில்லை. நாற்காலி பின்னால் நகரும் சத்தம், அப்புறம் ஏதோ கீழே விழும் சத்தம், அட்டையாக இருக்கும், லேசான சத்தம். "குவபாரா-சான் இருக்காங்களா அங்க?" "இருக்காங்க." "அவங்கள போகச் சொல்லாத. வாரேன்" என்றான். "போன வைக்காத, கையிலயே வெச்சிரு. இந்தா வாரேன்."

போனைச் சட்டைப் பையில் போட்டாள், வைக்காமல். அதற்குள்ளிருந்து அவன் படி இறங்கும் சத்தம், பிறகு தெருச் சத்தம் வந்துகொண்டிருந்தது. குவபாரா-சான் வேனிலிருந்து பலகைகளை இழுத்து வந்தாள். ஏதோ பெட்டியைப் பிரித்த பலகைகள். பழைய ஆணி ஓட்டை, யாரோ பெயிண்டில் எழுதிய எண், ரம்பம் போட்டபடியே விட்ட முகம். "அசிங்கமா இருக்கும்" என்றாள் சந்தோஷமாக. "சென்செய் பாத்தா அழுவார்." இந்த வீட்டில் முதல் ஆணி அன்றைக்குத்தான் வெளியே தெரிய அடிக்கப்பட்டது. உச்சிப் பலகைக்கு ஏறி, விளிம்போரமாகக் குறுக்கே கீழ்ப்பலகையை அடித்து, அதற்கு மேல் ஒன்று, அதற்கு மேல் ஒன்று. நெஞ்சுயரத்துக்கு வந்தபோது ஜெசிந்தாவைக் கூப்பிட்டாள். "ஓகுசான், அந்த முனையைப் பிடிங்க." ஏட்ரியன் கீழே பாயில் சுருளைத் தின்னப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜெசிந்தா ஏறினாள். விளிம்புக்கும் அவளுக்கும் நடுவில் பலகை வந்தது. கடைசிப் பலகையின் முனையை அவள் நெஞ்சுக்கு நேராக ஏந்திப் பிடித்தாள். கனமாக இருந்தது. உண்மையாகவே கனமாக. மறுமுனையில் குவபாரா-சான் சுத்தியலை ஓங்கினாள். அடியின் அதிர்வு மரத்தின் வழியாக ஓடி வந்து ஜெசிந்தாவின் உள்ளங்கையில் முடிந்தது. சிராய் ஒன்று கட்டைவிரலுக்கு அடியில் ஆழமாக ஏறியது. "ஸ்" என்றாள். "என்ன, என்ன?" என்றது சட்டைப் பைக்குள்ளிருந்து லெஸ்லியின் குரல். "சிராய்" என்றாள் அவள். "கையில ஏறிட்டு. வலிக்கி." பலகையை விடவில்லை. இன்னொரு ஆணி பாக்கி இருந்தது.